வளர்க்க இல்லை, வச்சுப் பார்க்க: துரை எங்க வீட்டில் இருந்த 11 வாரம்

கொஞ்சம் நீளமான இழை. நாய் பிடிக்காதவங்களும் படிக்கலாம். உங்களுக்கும் இதுல ஒரு விஷயம் இருக்கு.

நான் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்பிபிஎஸ் டாக்டர். காலையில ஓபி ஆரம்பிக்கும்போதே நாய்க்கடி ஊசிக்குன்னு தனியா ஒரு வரிசை நிக்கும். திங்கக்கிழமைன்னா அது வாசல் வரைக்கும் போகும். பள்ளிக்கூட யூனிஃபார்மோட வர்ற பிள்ளைங்க, பால் ஊத்தப் போனப்போ கடி வாங்கினவங்க, பேரனுக்குப் பதிலா தான் கடி வாங்கின பாட்டின்னு எல்லாரும் வருவாங்க. அந்த வரிசையை முடிச்சுட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போனா, ஹால்ல ஒரு வேட்டைநாய் நாலு காலையும் மேல தூக்கிக்கிட்டு மல்லாந்து தூங்கிட்டு இருக்கும். போன வருஷம் 11 வாரம் என் வாழ்க்கை இப்படித்தான் போச்சு.

"காலையில நாய்க்கடிக்கு ஊசி, சாயங்காலம் நாய்க்குச் சோறு, நீங்க எந்தக் கட்சி சார்?"னு ஃபார்மசிஸ்ட் கேட்டாரு. நியாயமான கேள்வி. அதுக்கு என் பதில்தான் இந்த இழை.

முதல்ல ஒரு விளக்கம். அடாப்ட் பண்றது வேற, ஃபாஸ்டர் பண்றது வேற. அடாப்ட்னா நாய் உங்களோடது, அதோட ஆயுசு முழுக்க. ஃபாஸ்டர்னா அதுக்கு நிரந்தரமா ஒரு வீடு கிடைக்கிற வரைக்கும் வச்சுப் பார்க்கிறது. கிடைச்சதும் கொடுத்துடணும். இதுக்குத் தமிழ்ல நல்ல வார்த்தை எதுவும் எனக்குத் தோணல. எங்க அம்மாகிட்ட விளக்கிச் சொன்னப்போ, "அப்போ பிரசவத்துக்கு வந்த பிள்ளை மாதிரின்னு சொல்லு. நல்லா பார்த்துக்கணும், ஆனா அனுப்பி வச்சிரணும்"னாங்க. இதைவிடச் சரியா யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இத்தனைக்கும் வீட்டுக்குள்ள நாயே கூடாதுன்னு சொன்னவங்களும் அவங்கதான்.

நாலுவழிச்சாலை ஓரத்துல ஒரு டீக்கடைக்குப் பின்னாடி நொண்டிக்கிட்டுக் கிடந்துச்சு. கறுப்பு உடம்பு, காலும் புருவமும் பழுப்பு. பார்த்ததும் கன்னி நாய்னு சொல்லிடலாம். ஆனா சுத்தமான கன்னின்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். நம்ம ஊர்ல கன்னி, சிப்பிப்பாறை, எங்கிருந்தோ வந்த கிரேஹவுண்ட் எல்லாத்தையும் ஓட்டத்துக்காகக் கலந்துட்டாங்க. கழுத்துல கயிறு இறுக்கின தழும்பு. முன்னங்கால் விரல் ஒண்ணு உடைஞ்சு, யாரும் கட்டுப் போடாம, கோணலாவே கூடியிருந்துச்சு. தெரு நாய்ங்களுக்கு உணவு போடுற ஒரு கல்லூரிப் பொண்ணு தூக்கிட்டு வந்தது. "ராத்திரி முயலுக்கு விடுற நாய் சார். கால் போனதும் வண்டியில கொண்டுவந்து இறக்கிட்டுப் போயிருப்பாங்க"ன்னு சொல்லுச்சு. முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதனாலேயே இந்த நாய்க்கு ஓனர் யாருன்னு தேடினாலும் ஒருத்தரும் முன்னால வரமாட்டாங்க.

கறுப்பு நாய்னதும் ஆளாளுக்குக் கருப்பின்னு பேர் சொன்னாங்க, பரியேறும் பெருமாள் பார்த்த பாதிப்பு. இது ஆண் நாய்ப்பா. வந்த ரெண்டாம் நாளே சோபாவுல கால் மேல கால் போட்ட மாதிரி படுத்துச்சு. "துரை எந்திரிக்க மாட்டாரோ?"ன்னு அம்மா கேட்டாங்க. பேர் முடிவாயிடுச்சு.

எனக்கு நாய் வளர்த்து அனுபவம் கிடையாது. ஆனா என் கூடப் படிச்சவன் ஒருத்தன் இப்போ மெல்பர்ன்ல ஆஸ்பத்திரி வேலையில இருக்கான். அவன் பந்தயத்துல இருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டுகளை ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு வீட்டுல வச்சு ஃபாஸ்டர் பண்றவன். துரை போட்டோவை அனுப்பினதும், "டேய், இது எங்க ஊரு நாய்ங்களுக்குச் சித்தப்பா பையன்டா"ன்னு பதில் போட்டான். அன்னையில இருந்து அவன்தான் எனக்குக் கன்சல்டன்ட்.

கிரேஹவுண்ட் பத்தித் தெரியாதவங்களுக்கு: மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல ஓடுற நாய். பந்தயத்துக்குன்னே பெருக்கி, குட்டியில இருந்து கொட்டடியில வளர்த்து, இயந்திரத்துல ஓடுற பொம்மை முயலைத் துரத்த விடுவாங்க. மூணு நாலு வயசுல பெரும்பாலும் ஓட்டம் முடிஞ்சிரும். ஆனா அந்த நாய் 10, 12 வயசு வரைக்கும் வாழும். மீதி வருஷத்துக்கு அது எங்க போறதுங்கறதுதான் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அயர்லாந்துன்னு எல்லா ஊர்லயும் பெரிய சண்டை. எலும்பு டாக்டர்களுக்கு ஒரு தகவல்: பந்தயப் பாதை இடஞ்சுழியா இருக்கிறதால, வளைவுல திரும்பும்போது பாரமெல்லாம் வலது பின்னங்கால்ல இறங்கும். அதனால வலது கணுக்கால் எலும்பு முறிவு அந்த நாய்ங்களுக்குன்னே ஒரு தனி நோய் மாதிரி. எக்ஸ்ரேயைப் பார்த்தே எந்தத் தொழில் பார்த்த நாய்னு சொல்லிடலாம். செங்கல் சூளைத் தொழிலாளி முதுகைப் பார்த்து நாங்க சொல்ற மாதிரி.

ஆஸ்திரேலிய மாநிலங்கள்ல கிரேஹவுண்ட் அடாப்ஷன் புரோகிராம்னு திட்டங்கள் நடக்குது. பந்தயம் நடத்துற அமைப்புகளே இதையும் நடத்துறதைப் பத்தி விமர்சனம் உண்டு, அது தனிக்கதை. எனக்குப் பிடிச்சது அவங்க வேலை செய்யிற முறை. கொட்டடியில இருந்து வர்ற நாயை நேரா அடாப்ஷனுக்கு விடறதில்லை. நடுவுல சில வாரம் ஒரு சாதாரண வீட்டுல வச்சுப் பார்க்கிறாங்க. ஏன்னா அந்த நாய்க்கு வீடுன்னா என்னன்னே தெரியாது.

துரைக்கும் தெரியல.

மாடிப்படி தெரியாது. முதல் படியில முன்னங்கால் ரெண்டையும் வச்சுட்டு அப்படியே நின்னு நடுங்கும். கண்ணாடிக் கதவு தெரியாது, நேரா போய் மோதுச்சு. மிக்ஸி சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடியில போயிரும், குக்கர் விசில் அடிச்சா சாயங்காலம் வரைக்கும் வெளியே வராது. டைல்ஸ் தரையில நாலு காலும் நாலு திசைக்குப் போகும். பழைய ஜமுக்காளத்தை விரிச்சு ஹால்ல இருந்து பின்வாசல் வரைக்கும் பாதை போட்டோம், அதுல மட்டும்தான் நடக்கும். ஃபேன் சுத்தினா அதையே அண்ணாந்து பார்த்துக்கிட்டு நிக்கும்.

வெளியில கூட்டிட்டுப் போறதுலயும் பாடம் படிச்சேன். இந்த வகை நாய்க்குக் கழுத்தைவிடத் தலை சின்னது. சாதாரண காலரைப் போட்டா தலையைப் பின்னுக்கு இழுத்து ஒரே நொடியில உருவிக்கும். இழுத்தா அளவா இறுகுற காலர்னு தனியா விக்குது, அதுதான் வேணும். கயிறில்லாம ரோட்டுல விடவே கூடாது. தூரத்துல ஒரு பூனை வால் ஆடினா போதும், அதுக்கப்புறம் நீங்க கூப்பிடறது எதுவும் அது காதுல விழாது. துரத்தறது அதோட திமிர் இல்லை, பல நூறு வருஷமா நாமளே ஊட்டி வளர்த்த வேலை.

வந்த வாரமே ரத்தம் எடுத்தோம். ரிப்போர்ட்ல பிளேட்லெட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். எனக்கு டெங்கு வார்டு மூளை, பார்த்ததும் வயித்தக் கலக்கிருச்சு. கால்நடை டாக்டருக்கு ராத்திரி பத்து மணிக்கு போன் போட்டேன். அவர் சிரிச்சாரு. கிரேஹவுண்ட் மாதிரி வேட்டைநாய் இனங்கள்ல பிளேட்லெட் மத்த நாய்ங்களைவிடக் குறைவா இருக்கிறது சகஜம், சிவப்பணு அளவு எக்குத்தப்பா ஏறி இருக்கும், தைராய்டு குறைவா காட்டும், எல்லாம் அதுங்களுக்கு நார்மல்னு சொன்னாரு. "உண்ணிக் காய்ச்சல் இருக்கான்னு தனியா பார்ப்போம். ஆனா சார், நம்பரைப் பார்க்காதீங்க, நாயைப் பாருங்க." ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ எங்க சீஃப் இதையே எத்தனை தடவை சொல்லியிருப்பாரு! கருத்தடை ஆபரேஷன் சமயத்துல இன்னொண்ணும் கத்துக்கிட்டேன். நாங்க காலேஜ்ல படிச்ச தயோபென்டோன் மயக்க மருந்தை கிரேஹவுண்டுக்குப் போட்டா மயக்கம் தெளிய ரொம்ப நேரம் ஆகும். உடம்புல கொழுப்பும் குறைவு, அதை உடைக்கிற ஈரல் வேலையும் அதுங்களுக்கு மெதுவு. எங்க டாக்டர் அதைத் தொடவே இல்லை.

இதுவரைக்கும் ஜாலியான கதை. மூணாவது வாரம்தான் விஷயம் இருக்கு.

ராத்திரி ஒன்பது மணி, கரண்ட் போச்சு. என் பொண்ணு, நாலாவது படிக்கிறா, டார்ச் எடுக்க ஹாலைக் கடந்தா. தூங்கிட்டு இருந்த துரை மேல கால் பட்டுருச்சு. ஒரு உறுமல், ஒரு கடி. கெண்டைக்கால்ல ரெண்டு கோடு. ரத்தம் வரல, தோல்ல கீறல் மட்டும்.

தினமும் நூறு பேருக்குச் சொல்ற ஆள் நான். அந்த நிமிஷம் கை நடுங்குச்சு, மறைக்கல. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிஷம் கழுவினேன். செல்போன் லைட்டை மனைவி பிடிச்சாங்க. அப்படியே வண்டியில காஷுவால்டிக்குப் போனோம். டூட்டியில இருந்த சிஸ்டர் பார்த்துட்டு, "சார்... நம்ம நாயேவா?"ன்னாங்க. நம்ம நாயேதான். ரத்தம் வராத கீறல், ரெண்டாம் வகை. தடுப்பூசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. ரெண்டு தோள்லயும் தோலுக்குள்ள 0.1 மில்லி. 0, 3, 7, 28-ஆம் நாள். துரைக்கு ரேபிஸ் ஊசி போட்டு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு, அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சு, எது கடிச்சுச்சுன்னு யாருக்கும் தெரியாது. "வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே"ன்னு விடற விஷயம் இல்லை இது. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா காப்பாத்த எங்ககிட்ட ஒண்ணும் கிடையாது. அந்த மரணத்தை ஒரு தடவை பார்த்தவங்க யாரும் ஊசி விஷயத்துல விளையாட மாட்டாங்க.

இதுல என் தப்பு ஒண்ணு இருக்கு, அதையும் எழுதிடறேன். நாயோட பழகுறவங்க, ஃபாஸ்டர் பண்றவங்க எல்லாம் கடிபடறதுக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டுக்கணும். 0, 7, அப்புறம் 21 அல்லது 28-ஆம் நாள். போட்டிருந்தா, கடிபட்டாலும் ரெண்டு பூஸ்டர் ஊசியோட முடிஞ்சிரும். இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. இது எனக்குத் தெரியும். அந்தக் கல்லூரிப் பொண்ணுக்கு நானே போட்டுவிட்டிருக்கேன். என் வீட்டு ஆளுங்களுக்குப் போடல. "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்"னு இருந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா அம்மா வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தாங்க. "விடிஞ்சதும் கொண்டுபோய் விட்டுரு." எனக்கும் அந்த எண்ணம்தான். மனைவிதான் ஒரு கேள்வி கேட்டாங்க. "என்னங்க, அது கோவத்துல கடிச்சுச்சா, பயத்துல கடிச்சுச்சா? அதைக் கண்டுபிடிச்சுட்டு முடிவு பண்ணுங்க. எங்க கொண்டுபோய் விட்டாலும் அங்கயும் யாராவது மிதிப்பாங்கல்ல?"

மெல்பர்ன்காரனுக்கு நடந்ததைச் சொன்னேன். அவனுக்கு ஆச்சரியமே இல்லை. கொட்டடியில தனியா வளர்ந்த நாயைத் தூங்கும்போது யாருமே தொட்டிருக்க மாட்டாங்க. கிரேஹவுண்டுல நிறைய நாய் கண்ணைத் திறந்துக்கிட்டே வேற தூங்கும், முழிச்சிருக்குன்னு நினைச்சு கையை வைப்போம். திடுக்கிட்டு வாயைத் திறந்துரும். யாருன்னு அது பார்க்கிறதுக்குள்ள கடி முடிஞ்சிருக்கும். முழிச்சிருக்கும்போது அதே நாயை அதே குழந்தை காதைப் பிடிச்சு இழுத்தாலும் சும்மா நிக்கும். வைத்தியமும் அவனே சொன்னான். படுக்கை நடமாட்டம் இல்லாத மூலையில இருக்கணும். சோபா, கட்டில் கிடையாது. கிட்ட போறதுக்கு முன்னாடி தூரத்துல இருந்தே பேர் சொல்லிக் கூப்பிட்டு, அது தலையைத் தூக்கின பிறகுதான் போகணும். கூப்பிட்டு எழுந்து வந்தா ஒரு துண்டு கோழி. குழந்தையையும் நாயையும் பெரியவங்க இல்லாம ஒரே ரூம்ல விடக்கூடாது.

நாலு வாரம் இதைச் செஞ்சோம். துரை மாறுச்சு, முழுசா இல்லை. பேர் சொல்லாம கிட்ட போனா உறுமுறது நின்னு, திடுக்குன்னு எழுந்து நிக்கிறதோட முடிஞ்சுது. கடி திரும்ப நடக்கல. ஆனா "இனி நடக்கவே நடக்காது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னா நான் போட மாட்டேன்.

இப்போ பிரச்சினைக்கு வர்றேன்.

ஏழாவது வாரம், துரையைக் கேட்டு ஒரு குடும்பம் வந்தாங்க. நல்ல மனுஷங்க. ரெண்டு பேருக்கும் வேலை, சொந்த வீடு, நாட்டு நாய்தான் வேணும்னு கொள்கையோட இருக்கிறவங்க. 2020-ல பிரதமர் வானொலிப் பேச்சுல சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேர் சொன்னதுக்கு அப்புறம் இப்படித் தேடி வர்றவங்க கூடியிருக்காங்க. துரையும் அவங்களைப் பார்த்து வாலாட்டிட்டு மடியில தலையை வச்சுடுச்சு. எல்லாம் சரி. அவங்க வீட்டுல மூணு வயசுப் பையன்.

அடாப்ஷனுக்காக குரூப்புல போட்டிருந்த பதிவைப் பார்த்தேன். நான் எழுதிக் கொடுத்ததுல இருந்த "தூக்கத்தில் தொட்டால் கடிக்கக்கூடும்"ங்கற வரியைக் காணோம். அந்த இடத்துல "குழந்தைகளோட ரொம்ப ஃப்ரெண்ட்லி"ன்னு இருந்துச்சு, ஒரு இதயத்தோட. குரூப்பை நடத்துறவங்களைக் கூப்பிட்டேன். "சார், அதெல்லாம் போட்டா யார் எடுப்பா? வளர்ந்த நாய், அதுவும் கறுப்பு, காலும் கோணல். கிடைச்ச வீட்டையும் கெடுத்துக்காதீங்க. உங்க வீட்டுல இப்போ நல்லாத்தானே இருக்கு?"

அவங்க கெட்டவங்க இல்லை. ஒவ்வொரு நாளும் பத்து நாய்க்கு இடம் தேடி அலையிறவங்க. அந்த அழுத்தம் எனக்குப் புரியுது. பெட் இல்லாத வார்டுல இருந்து ஒரு பேஷன்ட்டை எப்படியாவது டிஸ்சார்ஜ் பண்ணிட முடியாதான்னு பார்க்கிற ஆசை எனக்கும் தெரிஞ்சதுதான்.

ஆனா மூணு வயசுக் குழந்தையோட முகம் தூங்குற நாயோட வாய் உயரத்துல இருக்கும். பெரியவங்களுக்குக் கால்ல விழுற கடி, அந்த வயசுல கன்னத்துல, உதட்டுல, இமையில விழும். அப்படி வந்த குழந்தைங்களோட காயத்துக்குள்ள நான் இம்யூனோகுளோபுலின் ஊசி இறக்கியிருக்கேன். ரெண்டு பேர் தலையைப் பிடிச்சுக்குவாங்க, அம்மா வெளியில நின்னு அழுவாங்க. "ரொம்ப ஃப்ரெண்ட்லி"ன்னு யோசிக்காம எழுதறவங்க ஒரே ஒரு காலை அந்த ரூம்ல வந்து நின்னுட்டுப் போங்க. அதுக்கப்புறமும் எழுத முடிஞ்சா எழுதுங்க.

நான் அந்தக் குடும்பத்தை உட்கார வச்சு எல்லாத்தையும் சொன்னேன். என் பொண்ணு கால்ல இருந்த தழும்பையும் காட்டினேன். அந்த அம்மா பையனைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டாங்க. "நல்லவேளை சொன்னீங்க சார்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. துரைக்கு அன்னைக்கு வீடு போச்சு. குரூப்புல எனக்குக் கிடைச்ச வசவு தனி. "டாக்டருக்கு நாய் மேல பாசம் கிடையாது, ரூல்ஸ்தான்"னு ஒருத்தர். "இந்த மாதிரி நாயையெல்லாம் ஊசி போட்டு முடிச்சு விடணும்"னு எதிர்க்கட்சியில இருந்து இன்னொருத்தர். ரெண்டு பேரும் துரையைப் பார்த்தது கூட இல்லை.

என் கருத்து இதுதான். ஃபாஸ்டர் வீட்டை நாய்க்கு இலவசமா கிடைச்ச லாட்ஜ்னு நினைக்கிறாங்க. சோறு போடறதும் கொஞ்சறதும் மட்டும் அங்க நடக்கிற வேலை இல்லை. கூண்டுல இருக்கிற நாயைப் பார்த்து அது ஒரு வீட்டுல எப்படி இருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. கூண்டுக்குள்ள எல்லா நாயும் ஒண்ணு குரைக்கும், இல்லைன்னா சுருண்டு கிடக்கும். மிக்ஸிக்கு என்ன பண்ணும், விருந்தாளி வந்தா என்ன பண்ணும், தனியா விட்டா எத்தனை மணி நேரம் தாங்கும், தூக்கத்துல தொட்டா என்ன ஆகும்? இதுக்கெல்லாம் ஒரு வீட்டுல சில வாரம் வச்சுப் பார்த்தவங்ககிட்டதான் பதில் இருக்கும். அந்தப் பதிலை மறைச்சா, வச்சுப் பார்த்ததுக்கே அர்த்தம் இல்லை. மருந்து அலர்ஜியை எழுதாம டிஸ்சார்ஜ் சம்மரி கொடுக்கிற டாக்டரை நீங்க என்ன சொல்வீங்க?

அதனால துரைக்கு உண்மையாவே ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி எழுதினேன். ஒரு பக்கம். வயசு பல்லைப் பார்த்து மதிப்பிட்டது, நாலு இருக்கலாம். போட்ட ஊசிகள், தேதியோட. கருத்தடை ஆயிடுச்சு. ரத்த ரிப்போர்ட், இது இவனுக்கு நார்மல்ங்கற குறிப்போட. முன்னங்கால் பழைய முறிவு, குளிர்ல நொண்டும். தோல் மெல்லிசு, முள்வேலி பட்டா கிழியும். சாப்பாடு: முட்டை, கோழி, தயிர்சோறு, உப்பில்லாம. பூனை, கோழி, முயல் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். ஆறு மணி நேரம் தனியா இருக்கும், அழாது. கயிறில்லாம வெளியே விடாதீங்க. ஒரு தடவை கடிச்சிருக்கு: எப்போ, எங்க, ஏன், அதுக்கு அப்புறம் என்ன செஞ்சோம், இப்போ நிலைமை என்ன. பத்து வயசுக்குக் கீழ குழந்தை இருக்கிற வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைசியா, முடியலைன்னா ரோட்டுல விடாதீங்க, எந்த நேரத்துலயும் என்கிட்டயே கொண்டுவாங்க. கீழ போன் நம்பர்.

அந்தப் பேப்பரைப் பார்த்துட்டு யாரும் வரமாட்டாங்கன்னு நினைச்சாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

நடுவுல ஒரு விஷயம். நாய்ப் பந்தயத்தைத் தடை பண்ணணும்னு சொல்றவங்க பக்கம்தான் நான். அமெரிக்காவுல ஃபுளோரிடா மக்கள் 2018-ல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணி, 2020 முடியறதுக்குள்ள அங்க பந்தயம் நின்னுச்சு. நியூசிலாந்து அரசு 2024 டிசம்பர்ல பந்தயத்தை முடிவுக்குக் கொண்டுவரப் போறதா அறிவிச்சுது. நல்லது. ஆனா பந்தயம் நின்ன மறுநாள் காலையில அந்த நாய் எங்க படுக்கும்? மக்காவ்ல கேனிட்ரோம்னு ஒரு பழைய பந்தய மைதானம். 2018 ஜூலையில மூடினாங்க. உள்ள 500-க்கு மேல கிரேஹவுண்ட் மாட்டிக்கிச்சு. அத்தனை நாய்க்கும் கடல் தாண்டி, நாடு நாடா வீடு தேட வேண்டியிருந்துச்சு. உள்ளூர் ஆளுங்களும் வெளிநாட்டு அமைப்புகளும் சேர்ந்து மாசக்கணக்கா அதைச் செஞ்சாங்க. சட்டம் ஒரு கையெழுத்துல வந்துரும். அந்த 500 நாய்க்கும் மாடிப்படி ஏறக் கத்துக்கொடுக்க 500 வீட்டுல ஆள் வேணும்.

நம்ம ஊர் கதையும் அதேதான். 2025 ஆகஸ்ட்ல தெருநாய் பத்தி உச்சநீதிமன்றம் போட்ட உத்தரவும், அடுத்த சில நாள்ல அதை மாத்தினதும் நினைவிருக்கும். அப்போ நாடே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டுச்சு. காப்பகம் காப்பகம்னு எல்லாரும் சொன்னோம். காப்பகத்துல போன நாய் அங்கிருந்து எங்க போகும்னு கேட்டவங்க குறைவு. தெருவுல இருக்கிற எல்லா நாயும் வீட்டு நாய் ஆக முடியாது, அதுக்குக் கருத்தடையும் ஊசியும்தான் வழி. ஆனா ஒரு காலத்துல யாரோ வளர்த்து, வேலை வாங்கிட்டு, வேண்டாம்னு இறக்கிவிட்ட துரை மாதிரி நாய்ங்களுக்கு நடுவுல ஒரு வீடு கிடைச்சா தெருவுக்கே வர வேண்டாம். என் வரிசையில ஒரு ஆள் குறையும். ஃபார்மசிஸ்ட் அண்ணனுக்கு என் பதில் இதுதான்: காலையில பார்க்கிற வேலையைத்தான் சாயங்காலமும் பார்க்கிறேன்.

பத்தாவது வாரம் ஒரு போன். ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். ஊருக்கு வெளியே காம்பவுண்டு சுவரோட வீடு, அவரும் அவர் மனைவியும் மட்டும். பிள்ளைங்க வெளிநாட்டுல. அந்தப் பேப்பர் யார் மூலமாவோ அவருக்குப் போயிருக்கு. நேர்ல வந்தாரு. பேப்பரை மடிச்சுச் சட்டைப்பையில வச்சிருந்தாரு, சில வரிக்குக் கீழ பேனாவால கோடு போட்டிருந்தாரு. அந்தக் கடி விஷயத்தை நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அவரே சொன்னாரு: "தூங்குறவனை எழுப்பக் கூடாது, அவ்வளவுதானே சார்? முப்பது வருஷம் நைட் சர்வீஸ்ல இருந்தவன் நான். ஸ்டாப் வந்துருச்சுன்னு தோளைத் தட்டி எழுப்பினா பாதிப் பேர் கையை ஓங்கிட்டுத்தான் எந்திரிப்பாங்க. தள்ளி நின்னு சத்தம் குடுக்கணும். அது எனக்குப் பழக்கம்."

நாலு வாரம் நான் வீட்டுல சொல்லிக் கொடுத்ததை மனுஷன் ஒரு நிமிஷத்துல முடிச்சாரு.

அவங்க ரெண்டு பேருக்கும் முதல்ல தடுப்பூசி போட்டோம், என் ஓபி வரிசையிலேயே. பேரப்பிள்ளைங்க லீவுக்கு வந்தா என்ன பண்றதுன்னு கேட்டேன். பின்கட்டுல கதவோட தனி ரூம் இருக்குன்னு போட்டோ காட்டினாரு. போய்ப் பார்த்துட்டு வந்தேன். முள்வேலி இல்லை, கோழி இல்லை.

கொடுத்த அன்னைக்கு வீட்டுல யாரும் சரியா பேசல. "எப்படிப்பா மனசு வந்துச்சு உனக்கு?"ன்னு இப்பவும் சொந்தக்காரங்க கேக்குறாங்க. வார்டுல ரெண்டு மாசம் கிடந்த பேஷன்ட் நடந்து வீட்டுக்குப் போகும்போது எங்களுக்கும் அந்த பெட்டைப் பார்க்க ஒரு மாதிரிதான் இருக்கும். அதுக்காக டிஸ்சார்ஜ் பண்ணாம இருப்போமா? பொண்ணு மட்டும் ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாம் நாள் கண்டக்டர் ஐயா வீடியோ அனுப்பினாரு. துரை மாடிப்படியில ஏறிப் போகுது, பின்னாடியே அவர் மூச்சு வாங்குற சத்தம். அதை அவ பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் சொல்லிட்டு வந்தா. "பிரசவத்துக்கு வந்தவ ஊர் போய்ச் சேர்ந்துட்டாளா?"ன்னு அம்மா கேட்டுட்டு, ஜமுக்காளத்தைத் துவைச்சு மடிச்சு அலமாரியில வச்சுட்டாங்க. பழசுதான், தூக்கிப் போட்டிருக்கலாம். போடல.

கமென்ட்ல நிறைய பேர் கேப்பீங்கன்னு தெரியும், அதனால இப்பவே சொல்லிடறேன். செலவு மாசத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் ஆச்சு, ஆபரேஷன் தனி. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட முதல்லயே கேட்டுருங்க, பாதியில திருப்பி அனுப்பறது நாய்க்குத்தான் கஷ்டம். அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா இப்போதைக்கு வேண்டாம், அதுக்குப் பதிலா உணவுச் செலவையோ மருந்துச் செலவையோ ஏத்துக்கலாம். மத்தவங்க ஃபாஸ்டர் எடுக்கணும்னு நினைச்சா, நாயைக் கூட்டிட்டு வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வீட்டுல இருக்கிற எல்லாரும் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க. நான் விட்ட ஒரு மாசத்தை நீங்க விடாதீங்க.